வடிக்காத பாஸ்தா: ஒரே பானையில் ஒரு பாடம்

விடுதியில் தங்கிப் படிக்கும் நம் நண்பர்களுள் சைவ உணவு உண்போரின் இரவுச் சாப்பாடு பல நாள் உடனடி மீயிலேயே முடிந்துவிடுகிறது. பொதுச் சமையலறையில் ஓர் அடுப்பும் ஒரு பானையும் கிடைத்தால், கிரீம் சேர்த்த பாஸ்தா செய்யலாம் என்பேன். எங்கள் அறையில் மூவர். ஒருவர் சுத்த சைவம். அவருக்கு ஒரு பானை, எங்களுக்கு ஒரு பானை என்று பிரிக்க மனமில்லாமல் இதைக் கற்றுக்கொண்டேன்.

அடிப்படைக் கருத்து ஒன்றே: பாஸ்தா வெந்த நீரைக் கொட்டக்கூடாது. இத்தாலிய வழக்கப்படி 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் நீர் வைத்து, வெந்ததும் வடித்துவிடுவர். பாஸ்தாவிலுள்ள மாவுச்சத்து, சுமார் 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நீரை உறிஞ்சி உப்பத் தொடங்கும்; ஒரு பகுதி நீரில் கசியும். வடித்தால் அது தொட்டியோடு போகும். நீரைக் குறைத்தால் அதுவே குழம்பைக் கெட்டியாக்கும். வடித்த சோற்றுக்கும் பொங்கலுக்கும் உள்ள வேறுபாடுதான். நம் பாட்டிமாருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே விலை மிகுந்த கிரீம் சிறிதளவே போதும்.

மூவருக்கு 250 கிராம் பாஸ்தா வேண்டும். முட்டை சேராததா என்று பார்த்து வாங்குங்கள். அகன்ற பானையில் எண்ணெய் விட்டு ஒரு வெங்காயம், நான்கு பல் பூண்டு, 200 கிராம் காளான் ஆகியவற்றை வதக்குங்கள். காளான் விட்ட நீர் வற்றி ஓரம் சிவக்கும்வரை பொறுத்திருங்கள். அவசரப்பட்டால் சுவை வராது. பிறகு பாஸ்தாவைப் போட்டு 750 மில்லிலிட்டர் கொதிநீர் ஊற்றுங்கள். உப்பு முக்கால் தேக்கரண்டி போதும். வடிக்கும் முறையில் உப்பின் பெரும்பகுதி நீரோடு போகும். இங்கே போட்டதெல்லாம் பானையிலேயே தங்கும். முதல் இரண்டு நிமிடம் விடாமல் கிளறினால் ஒட்டாது. நடுத்தரத் தீயில் ஏறக்குறைய 12 நிமிடத்தில் வெந்துவிடும். இறுதியில் பசலைக்கீரை, 100 மில்லிலிட்டர் கிரீம், மிளகுத்தூள். தக்காளி சேர்ப்பவர்கள் கிரீமுக்குப் பதில் கொழுப்பு நீக்கிய பாலை ஊற்றவேண்டாம். புளிப்பிலும் சூட்டிலும் அது திரிந்துவிடும்.

சீஸ் தூவுவதற்கு முன் ஒரு செய்தி. இறைச்சி இல்லை என்பதாலேயே சீஸ் சைவமாகிவிடாது. பாலை உறையவைக்கும் ரென்னெட் என்ற நொதிப்பொருள் மரபுப்படி கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. பெயர்பெற்ற பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்குக் கன்றின் ரென்னெட்டையே சேர்க்கவேண்டும் என்பது அதன் தயாரிப்பு விதி. நுண்ணுயிர்களைக் கொண்டு உருவாக்கிய இதே நொதிக்கு அமெரிக்கா 1990இல் அனுமதி அளித்தது. இன்று பல சீஸ்கள் அவ்வகை நொதியால் செய்யப்படுகின்றன. எனவே பொட்டலத்தில் சைவக் குறியையோ நுண்ணுயிர் ரென்னெட் என்ற சொல்லையோ தேடுங்கள். ஹலால் முத்திரை மட்டும் இதற்குப் போதாது; முறைப்படி அறுத்த கன்றின் ரென்னெட்டும் ஹலாலே. என் அறை நண்பர் வாய்திறந்து கேட்கமாட்டார். பேசாமல் தட்டை ஒதுக்கிவைத்துவிடுவார். அதனால் கடையிலேயே நான் படித்துவிடுவேன்.

சூடாகவே பரிமாறுங்கள். ஆறினால் மாவுச்சத்து இறுகும். மீந்ததை மறுநாள் சூடாக்கும்போது நான்கைந்து கரண்டி நீர் தெளித்துக் கிளறினால் குழம்பு மீண்டும் இளகும்.