திருப்பதியில் கடை போட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

திருப்பதி பேருந்து நிலையத்துப் பக்கம் செருப்புத் தைக்கிற கடை போட்டிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். உன் கைக்குத் தையல் வந்துவிட்டது, கத்தியும் வந்துவிட்டது. இனிமேல் வர வேண்டியது கண். ஒரு ஜோடியைக் கையில் வாங்கியதும் இதைத் தைக்கலாமா, புதுசு வாங்கச் சொல்லலாமா என்று தீர்மானிக்கிற கண்.

சித்தூரில் கடை வைத்தவனுக்கு அதை வாடிக்கைக்காரர்களே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். அவசரத்தில் ஒட்டியது நாலே நாளில் திரும்பி வந்து மடியில் விழும்; கூடவே ஏச்சும் விழும். எழுபது கிலோமீட்டர் தள்ளி நீ உட்கார்ந்திருக்கிற இடம் வேறு. சென்னையிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கியவர், அறுந்த வாரோடு, திருமலைக்குப் போகிற சப்தகிரி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் உன்னிடம் நீட்டுவார். அவரை நீ மறுபடி பார்க்கப் போவதில்லை. என்ன செய்து கொடுத்தாலும் கேட்க ஆள் வராது. உன் வேலையைச் சரிபார்க்க அங்கே உன்னை விட்டால் ஒருவரும் கிடையாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லோரும் செருப்பை வாங்கியதும் அடியைத் திருப்பிப் பார்ப்பார்கள். நீ அதைக் கடைசியில் பார். அடி மாற்றக்கூடியது. முதலில் மேல்தோல் மடிகிற இடத்தைப் பார். வெடிப்பு மேலோடு நிற்கிறதா, உள்வரை போயிருக்கிறதா? பிறகு உள்ளே கையை விட்டு உள்ளட்டையை அமுக்கு. மேலும் கீழும் பிடித்து நிற்பது அந்த அட்டையில்தான். அது ஊறி உடைந்திருந்தால் எந்த ஆணிக்கும் எந்த நூலுக்கும் அங்கே பிடிமானம் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிடு. மேல்தோலும் உள்ளட்டையும் நன்றாக இருந்தால், அடி எவ்வளவு தேய்ந்திருந்தாலும் துணிந்து வேலையைத் தொடங்கு.

திருப்பதியில் ஒரு வகை ஷூ உன்னிடம் அடிக்கடி வரும். கல்யாணத்துக்கு வாங்கி, அப்புறம் பீரோவிலேயே இருந்து, சாமி பார்க்கப் போகிறோமே என்று எடுத்துப் போட்டது. மேலே பளபளவென்று புதுசு. அடியோ முதல் நடையிலேயே பொலபொலவென்று உதிரும். ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். ஆனால் பாலியூரிதேன் அடியில் பல வகைகளுக்கு அந்தக் குணம் உண்டு. காற்றிலுள்ள ஈரம் உள்ளே புகுந்து, வருஷக்கணக்கில் அதன் பிணைப்பையே அறுத்துவிடும். போடாமல் வைத்திருந்தாலும் தப்பாது. கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை அழுத்திப் பார். நகம் இறங்கித் தூள் வந்தால் ஒட்டாதே. பசை அந்தத் தூளைத்தான் பிடிக்கும், அடியைப் பிடிக்காது. மேல்பாகம் நல்ல தோலாக இருந்தால் பழைய அடியை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு ரப்பர் ஷீட்டில் புது அடி போடு. அதற்கு நேரமாகும், தரிசனம் முடித்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்.

பல்கலைக்கழகப் பிள்ளைகள் கொண்டுவரும் ஸ்போர்ட்ஸ் ஷூவில் ஈவிஏ அடி அமுங்கித் தட்டையாகியிருந்தால் அது திரும்ப எழும்பாது. முனை பிரிந்திருந்தால் மட்டும் ஒட்டிக் கொடு.

ஒட்டுகிற வேலையில் பாதி பொறுமைதான். அரத்தால் இரண்டு பக்கமும் ராவி, தூசி தட்டி, இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத பதத்துக்குக் காயும்வரை காத்திரு. ஈரத்தோடு அமுக்கியது ஈரத்தோடேயே பிரியும். பிவிசி அடியாக இருந்தால் சாதாரண ரப்பர் சொல்யூஷன் நிற்காது, அதற்கு யூரிதேன் பசை வேண்டும். அதோடு ஓரத் தையலும் போடு. நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைக்காதே. தபால்தலைத் தாளில் வரிசையாகத் துளை போட்ட மாதிரி, தோல் அந்த வரியிலேயே கிழிந்து வரும். இன்னொன்று, சொல்யூஷன் டப்பாவைத் திறந்துபோட்டு அதன்மேல் குனிந்து உட்காராதே. அந்த ஆவி நல்லதல்ல.

புதுசு விலையில் பாதிக்கு மேல் செலவானால் தூக்கிப் போடு என்று நம்மவர்களிலேயே பலர் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. மாதக் கணக்குப் போடு. 300 ரூபாய்ச் செருப்பு ஆறு மாதம் உழைத்தால் மாதத்துக்கு 50. நீ 80 ரூபாய்க்குத் தைத்தது இரண்டு மாதம் தாங்கினால் மாதத்துக்கு 40, தைக்கலாம். ஒரு மாதம்தான் தாங்கும் என்றால் அவருக்கு நஷ்டம், அதை வாய்விட்டுச் சொல். சொன்ன பிறகும் அவர் "இன்னிக்குக் கையில 80 தான் இருக்கு" என்பார். அப்படியானால் தைத்துக் கொடு. எதற்குச் சம்மதிக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, அது போதும்.

ஆனால் ஒருவர் விஷயத்தில் இந்த எந்தக் கணக்கும் செல்லாது. காலில் உணர்ச்சி குறைந்தவர். சித்தூரிலிருந்து வேலூர் கூப்பிடு தூரம்தான். அங்கே சிஎம்சி மருத்துவமனைக்கு 1946-இல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் ஏன் புண்ணாகிக் குறைந்துகொண்டே போகிறது என்று வருஷக்கணக்காக ஆராய்ந்தார். நோய் நேராகச் சதையைத் தின்பதில்லை. வலி தெரியாததால், அழுத்துகிற இடத்திலேயே மறுபடி மறுபடி மிதித்துப் புண்ணாகிறது என்று காட்டினார். அந்த மருத்துவத்தில் செருப்பும் ஒரு மருந்தானது. காட்பாடி பக்கத்துக் கரிகிரி மருத்துவமனையில் அதற்கென்று பட்டறையே உண்டு. மெத்தென்ற மைக்ரோ செல்லுலார் ரப்பர், அதன் கீழே முள்ளும் கல்லும் ஏறாத கெட்டி அடி, ஆணியே கிடையாது.

இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் அதே ஆபத்து. 2023-இல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வு நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை என்று சொல்கிறது. அவர்களில் எத்தனை பேர் திருப்பதி வருவார்கள் என்று யோசி. வயதானவர் செருப்பை நீட்டினால் கூச்சப்படாமல், "சுகர் இருக்கா, கால் மரத்துப் போகுதா?" என்று கேள். ஆமென்றால் ஆணி அடிக்காதே, ஊக்கு மாட்டாதே. மெத்தை அமுங்கிக் குழி விழுந்திருந்தால் இன்னும் ஒரு வருஷம் உழைக்கிற மாதிரி தெரிந்தாலும் மாற்றச் சொல். ஆணி அடித்த எந்தச் செருப்பையும் உள்ளே விரலால் தடவிப் பார்க்காமல் திருப்பிக் கொடுக்காதே. கால் மரத்துப்போனவருக்கு ஆணி முனை குத்துவது தெரியாது, வீட்டுக்குப் போய் ரத்தம் பார்த்த பிறகுதான் தெரியும்.

அலிபிரி வழியாகத் திருமலைக்கு 3,550 படியும் வெறுங்காலில் ஏறி, நடந்தே இறங்கி வருகிறவர்களின் பாதம் வீங்கியிருக்கும். அப்போது வாரை இறுக்கித் தைக்காதே. ஒரு விரல் நுழையும்படி விடு.

செருப்பைக் காலாலேயே தள்ளிவிடுகிறவர்களும், காசை மேலிருந்து போடுகிறவர்களும் அங்கேயும் இருப்பார்கள். அலிபிரி பாதால மண்டபத்தில் பெருமாளின் பெரிய செருப்புகளைத் தலையில் சுமந்து சுற்றி வரும் கூட்டத்தை நீ பார்த்திருப்பாய். சாமி தினமும் நடந்து செருப்பு தேய்ந்துபோகிறது, அதனால் புதுசு செய்து வைக்கிறோம் என்று சொல்வார்கள். அதைச் செய்கிறவன் நம் தொழில்காரன். காலால் தள்ளினால், "கையில் எடுத்துக் கொடுங்க" என்று சொல். நிமிர்ந்து உட்கார்ந்து சொல்.

வேண்டாம் என்று நீ திருப்பிய செருப்பை அங்கேயே விட்டுப் போகிறவர்கள் உண்டு. பக்கிள், வளையம், நல்ல வார் எல்லாவற்றையும் கழற்றி டப்பாவில் போட்டு வை, அடுத்தவருக்கு ஆகும். அடுத்த முறை சித்தூர் வரும்போது முன்கூட்டியே சொல்லி அனுப்பு. காட்பாடி ரயிலேறி, அனுமதி கேட்டுக்கொண்டு கரிகிரிப் பட்டறையைப் பார்த்து வருவோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
சித்தூரிலிருந்து உன் அண்ணன்