பாதியில் கேபிளைப் பிடுங்கினாலும் பிழைக்கும் சிப்!

பயாஸ் அப்டேட் செய்கையில் மின்சாரம் நின்றால் மதர்போர்டே பயனற்றுப் போகலாம் என்று எச்சரிப்பார்கள். ஆனால் ஆர்டுவினோ யுனோ போர்டில் ப்ரோகிராம் ஏறிக் கொண்டிருக்கும் போது யு.எஸ்.பி. கேபிளைப் பிடுங்கினாலும் மறுபடி இணைத்து ஏற்றிக் கொள்ளலாம். இது எப்படி முடிகிறது?

யுனோ 2010ல் வெளியானது. இதில் இருப்பது ஏடிமெகா328பி என்ற மைக்ரோ கண்ட்ரோலர். ப்ராசசர், மெமரி எல்லாம் ஒரே சிப்பில் அடங்கியிருக்கும். நிரந்தரமாகப் பதிய 32 கேபி பிளாஷ் மெமரி உண்டு. அதில் பதியும் ப்ரோகிராமைத் தான் பெர்ம்வேர் என்கிறோம்.

ஆர்டுவினோ சாப்ட்வேரில் கம்பைல் செய்தவுடன் கீழே வரும் செய்தியைக் கவனித்திருக்கிறீர்களா? அதிகபட்சம் 32,256 பைட் என்று காட்டும். ஆனால் 32 கேபி என்பது 32,768 பைட். மீதி 512 பைட் எங்கே? மெமரியின் கடைசியில் உள்ள அந்த இடத்தில் தான் ஆப்டிபூட் என்ற பூட்லோடர் குடியிருக்கிறது. ஒரு சிறிய கடிதம் அளவுக்குள் இத்தனை வேலையை அடக்கியிருப்பது என்னைப் பொறுத்தவரை பெரிய சாமர்த்தியம்.

அப்லோட் பட்டனைக் கிளிக் செய்ததும் ஏவிஆர்டியூட் என்ற ப்ரோகிராம் சீரியல் போர்ட்டைத் திறக்கிறது. அதனால் போர்டு தானாகவே ரீசெட் ஆகிறது. ரீசெட் ஆன சிப் முதலில் பூட்லோடரைத் தான் ஓட்டும். அது சுமார் ஒரு விநாடி காத்திருக்கும். கம்ப்யூட்டர் அழைத்தால் பதில் சொல்லும். இல்லையேல் உங்கள் ப்ரோகிராமுக்கு வழி விட்டு விடும். பேச்சு தொடங்கியதும் விநாடிக்கு 115200 பிட் வேகத்தில் டேட்டா வருகிறது. 128 பைட் சேர்ந்ததும் பிளாஷில் அந்தப் பக்கத்தை அழித்து, புதியதை எழுதி, "சரி" என்று பதில் அனுப்பும். பதில் வந்த பிறகே கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்தை அனுப்பும்.

இப்போது கேபிளைப் பிடுங்கினால் அரைகுறையாக நிற்பது உங்கள் ப்ரோகிராம் மட்டுமே. பூட்லோடர் இருக்கும் 512 பைட்டில் இந்த வழியாக யாரும் எழுத முடியாதபடி சிப்பிலேயே பூட்டு போடப்பட்டுள்ளது. அடுத்த முறை அப்லோட் செய்யும் போது ரீசெட் ஆகி, அது பழையபடி எழுந்து வேலையைத் தொடங்கும்.

"நாட் இன் சிங்க்" என்ற பிழைச் செய்தி வந்தால் பூட்லோடர் பதில் தரவில்லை என்று பொருள். பயப்பட வேண்டாம். போர்டு, போர்ட் இரண்டையும் சரியாகத் தேர்ந்தெடுத்தீர்களா என்று பாருங்கள். 0, 1 எண் பின்களில் ஏதாவது இணைத்திருந்தால் கழற்றுங்கள்; கம்ப்யூட்டருடன் பேசும் வழி அது தான். நானோ போர்டு என்றால் ப்ராசசர் மெனுவில் "ஓல்டு பூட்லோடர்" என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பழைய நானோக்கள் 57600 வேகத்தில் தான் பேசும்.

ரீசெட் பட்டனை அழுத்தினால் 'எல்' என்ற விளக்கு படபடவென்று மின்னுகிறதா? மின்னினால் பூட்லோடர் உயிரோடு இருக்கிறது.

"அப்லோட் யூசிங் ப்ரோகிராமர்" என்ற மெனுவை மட்டும் தெரியாமல் பயன்படுத்தாதீர்கள். அது சிப் முழுவதையும் அழித்துத் தான் எழுதும். பூட்லோடரும் போய் விடும். அப்படிப் போனாலும் இன்னொரு யுனோவை ப்ரோகிராமராக மாற்றி, "பர்ன் பூட்லோடர்" கொடுத்துத் திரும்ப ஏற்றலாம்.