முதலில் கட்டையின் திருகைப் பாருங்கள்

நெய்வேலி நகரியத்தில் பணி ஓய்வு பெற்று வாழும் அந்த ஃபிட்டருக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. சுரங்கத்துக் கன்வேயர்களில் முப்பது ஆண்டுகள் போல்ட் முறுக்கிய கை, ஒரு ஏர் ரைபிளில் தளர்ந்திருந்த இரண்டு திருகுகளைத் தவறவிட்டது. அதற்கு அவர் கொடுத்த விலை 4,500 ரூபாய், ஒரு முழுக் கோடை.

வாங்கியது ஸ்பிரிங்கில் இயங்கும் 4.5 மி.மீ. ரைபிள், மேலே ஸ்கோப். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. அவருக்குக் காகித அட்டைதான் இலக்கு. குறிஞ்சிப்பாடிப் பக்கம் மைத்துனரின் முந்திரித் தோப்பில், மண்மேட்டின் முன்னால் அட்டையை நிறுத்தி 20 மீட்டரில் சுடுவார். முதல் மாதம் நன்றாக விழுந்தது. பிறகு ஒரு குண்டு மேலே, அடுத்தது இடப்பக்கம்.

உடனே ஸ்கோப்பின் குமிழைத் திருகத் தொடங்கினார். அங்கேதான் சறுக்கல். நூறு கஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும் ஒரு கிளிக், 20 மீட்டரில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட நகர்த்தாது. அட்டையிலோ குண்டுகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. எல்லாம் ஒரே இடத்தில் விழுந்து, அந்த இடம் நடுவை விட்டு விலகியிருந்தால்தான் குமிழுக்கு வேலை. சிதறினால் குமிழைத் தொடவே கூடாது. இதைச் சொல்லும்போது அவர் குரல் தானாக உயர்கிறது.

கடைக்காரரிடம் கேட்டார். “ஸ்கோப் போயிடுச்சுங்க சார், புதுசு போட்டுருங்க.” நம்பும்படியாகத்தான் இருந்தது. பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைபிள் பின்னால் உதைக்கும். பிஸ்டன் நிற்கும்போது முன்னால் உதைக்கும். இந்த இரட்டை உதையில் கெட்டுப்போகும் ஸ்கோப்புகள் உண்டு. புதியதைப் பூட்டினார். அதே சிதறல்.

ஸ்கோப்பைக் கழற்றிவிட்டுக் குழல்மேல் உள்ள சாதாரண சைட்டில் ஐந்து குண்டு சுட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அதிலும் சிதறினால் கோளாறு ஸ்கோப்பில் இல்லை. மே மாதக் கடைசியில்தான் அப்படிச் சுட்டுப் பார்த்தார், சிதறியது. ரைபிளைக் கவிழ்த்து ஆலன் கீயை வைத்தார். மரக்கட்டையின் முன்பக்கத் திருகுகள் இரண்டும் தலா அரைச் சுற்று இறங்கின. கட்டை தளர்ந்தால், ஒவ்வொரு உதைக்கும் குழல் வேறொரு வாட்டத்தில் போய் உட்காரும்.

பெல்லட் மாற்றுவது, குழலைத் துடைப்பது, ஸ்கோப் வளையங்களை இறுக்குவது எல்லாம் அவருக்கு ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற சங்கதி. “ஒரு தடவைக்கு ஒண்ணை மட்டும் மாத்துங்க. ஆலன் கீ செட்டுதான் எல்லார் வீட்லயும் இருக்கே!”

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இதே தேடல் உண்டு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் ஏர் ரைபிள் இறுதியில் அபினவ் பிந்த்ரா ஏழாவதாக வந்தார். அவர் நின்ற இடத்தில் தரை ஓடு ஆடியது பிற்பாடுதான் தெரியவந்தது. 2008 பெய்ஜிங் இறுதிக்கு முன் சோதனைக் குண்டு நான்கு புள்ளி வளையத்தில் போய் விழுந்தது. சைட் மாறியிருப்பதை உணர்ந்து திருத்தினார். கடைசிக் குண்டு 10.8, தங்கம். கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவனின் 10 மீட்டர் ரைபிளில் ஸ்கோப்பே கிடையாது. துளை சைட் வழியாக அரை மில்லிமீட்டர் புள்ளியை அடிக்கிறார்.

இப்போது ஃபிட்டரின் ரைபிளில் ஒவ்வொரு திருகிலிருந்தும் கட்டை வரை, பேத்தியின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இருக்கிறது. கன்வேயர் போல்ட்டுகளுக்குப் பெயின்ட்டில் போட்ட அதே அடையாளம். கோடு விலகினால் திருகு சுழன்றிருக்கிறது. போன ஞாயிறு ஐந்து குண்டுகளும் ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. அந்த அட்டையோடு கடைக்குப் போனார். புது ஸ்கோப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார் கடைக்காரர்.