அவசர வேளையில் உங்கள் மருந்து விபரம்

இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரிடம் பதிந்துள்ள எல்லோருக்கும், வேண்டாம் என்று மறுத்தவர்கள் தவிர, கணனியில் ஒரு சுருக்க மருத்துவப் பதிவு உண்டு. தற்போது எடுக்கும் மருந்துகள், ஒவ்வாமை, முன்னர் ஒத்துக்கொள்ளாத மருந்துகள் ஆகியன அதில் இருக்கும். நினைவிழந்து வைத்தியசாலைக்குச் சென்றாலும், பெனிசிலின் ஒவ்வாதவர் என்பதை அங்குள்ள வைத்தியர் இதில் பார்த்தறியலாம். ஆங்கிலம் பேசச் சிரமப்படும் நம் முதியோருக்கு இது பெரிய பாதுகாப்பு.

ஆனால், குடும்ப வைத்தியர் அறியாதது இப்பதிவில் இராது. ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகள், கடையில் வாங்கும் அஸ்பிரின், சித்த மருந்துகள் போன்றவை விடுபட்டுப்போகும்.

எனவே:

1. இவற்றைப் பட்டியலிட்டு வைத்தியரிடம் கொடுங்கள்.
2. உங்கள் ஒவ்வாமை பதியப்பட்டுள்ளதா எனக் கேளுங்கள்.
3. பெற்றோருக்கும் இதைச் செய்து கொடுங்கள்.