மடையும் மின்னழுத்தமும்

பேத்தமங்களாவில் பாலாற்று நீரைத் தேக்கிய ஏரி, கோலார் தங்கவயலுக்குத் தண்ணீர் கொடுத்தது. தங்கவயலுக்கு மின்சாரம் வந்ததோ காவிரியிலிருந்து. சிவசமுத்திரத்தில் பிறந்து, ஏறக்குறைய 92 மைல் கம்பிவழி நடந்து, 1902-இல் சுரங்கங்களை எட்டியது. அச்சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. நமக்கு இங்கு வேண்டியது ஏரிதான்.

ஏரியின் மட்டம் மழையில் ஏறும், கோடையில் இறங்கும். வாய்க்காலில் மட்டும் நீர் ஒரே அளவாக ஓட வேண்டும். மடைக்காரர் அளவுகோலைப் பார்த்துப் பலகையை ஏற்றுவார், இறக்குவார். மின்னழுத்தச் சீராக்கியின் தொழிலும் இதுவே.

எல்.எம். 317 என்னும் சில்லுக்கு மூன்று கால்கள். எழுத்துள்ள முகம் நம்மை நோக்கியிருக்க, வலக்கால் உள்வாய், நடுக்கால் வெளிவாய், இடக்கால் சரிசெய்யும் கால். 12 வோல்ட் அடாப்டரின் நேர்முனையை வலக்காலில் இணைக்க. (வீட்டு மின்சாரத்தில் நேராகக் கை வைக்கவே வேண்டாம்.) நடுக்காலுக்கும் இடக்காலுக்கும் இடையே 120 ஓம் மின்தடை. இடக்காலிலிருந்து எதிர்முனைக்கு, குமிழ் வைத்த 1 கிலோ ஓம் மாறுதடை. உள்வாயிலிருந்து எதிர்முனைக்கு 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கி, வெளிவாயிலிருந்து 1 மைக்ரோபாரட். அவ்வளவே.

120 ஓமின் இரு முனைகளுக்கிடையே 1.25 வோல்ட் நிற்கும்படி சில்லு பார்த்துக்கொள்ளும். அதே மின்னோட்டம் குமிழின் தடை வழியாகவும் இறங்குவதால், குமிழை 360 ஓமில் நிறுத்தினால் வெளியே 5 வோல்ட் கிடைக்கும். பல படங்களில் 240 ஓம் போட்டிருக்கும். சுமை ஏதும் இல்லாதபோது அதன் மின்னோட்டம் சில சில்லுகளுக்குப் போதாது. ஆகவே நான் 120-ஐயே சொல்வேன். உள்ளே வருவதைவிட வெளியே சுமார் 2 வோல்ட் குறைவாகவே பெற முடியும் என்பதால், இங்கே உச்சம் 10 வோல்ட் அளவுதான்.

மீதி அழுத்தம் வெப்பமாகும். 12-இல் 5 போக 7 வோல்ட். அரை ஆம்பியர் ஓடினால் 3.5 வாட். வெப்பம் கடத்தும் உலோகத் தகடு இன்றிச் சில்லு தாங்காது. சில்லின் முதுகுத் தகடு வெளிவாயோடு ஒன்றியது. உலோகப் பெட்டியில் படவிடக் கூடாது.

பெரிய ஆபத்து குமிழில் இருக்கிறது. தேய்ந்த குமிழில் தொடர்பு ஒரு நொடி விட்டால், அளவுகோலை இழந்த மடைக்காரர் மடையை முழுதும் திறந்தாற்போல, 10 வோல்ட் பாயும். 5 வோல்ட் கருவி கருகிவிடும். ஆதலால் சோதனைக்கு மட்டும் குமிழ். நிலையாகக் கருவியை இணைக்கும்போது அவ்விடத்தில் 360 ஓம் தடையைப் பற்றவைத்துவிடுக. இணைப்பதற்கு முன், அரை வாட் தாங்கும் 100 ஓம் தடையைச் சுமையாக வைத்து மீட்டரைப் பார்க்கவும். முள் 5-ஐ விட்டு அசையக் கூடாது.