பனிப்பருவத்து ஏரிக்கரை நடை

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழ் மரபில் மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி எனப்படும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரி குளங்கள் நிறைந்திருக்கும் இந்த நான்கு மாதங்களில், குளிருக்கும் இரைத்தட்டுப்பாட்டுக்கும் தப்பி வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வரும் வலசைப் பறவைகளும் தமிழகச் சமவெளியில் தங்கியிருப்பதால், நாள்தோறும் உடல்நலத்துக்காக நடப்பவர்கூடப் பெரும் பயணம் ஏதுமின்றி இயற்கையைக் கற்கத் தக்க காலம் இதுவே. வேடந்தாங்கலுக்கு ஆண்டுக்கொரு முறை சென்று திரும்புவதைவிட, வீட்டருகே ஒரே பாதையில் நாற்பது நாள் நடப்பது கூடுதலாகக் கற்றுத்தரும்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது பாதையைத் தேர்ந்து அதை மாற்றாதிருத்தல். ஒரு கிலோமீட்டர் போதும். ஊரில் ஏரி இருந்தால் அதன் கரையே சிறந்தது. வடதமிழகச் சமவெளி பெரும்பாலும் கிழக்கு நோக்கிச் சரிவதால் நீரைத் தடுக்கும் கரை பல ஏரிகளில் கீழ்ப்புறமாக அமைந்திருக்கும், அதனால் காலையில் கரைமேல் நின்று நீர்ப்பரப்பைப் பார்ப்பவருக்குக் கதிரவன் முதுகுப்புறமாக இருக்க, பறவைகளின் நிறம் தெளிவாகத் தெரியும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கருநிழலே. ஏரி இல்லாத ஊரில் கோயில் குளமோ வாய்க்கால் ஓரமோ மரமடர்ந்த தெருவோ போதுமானது.

அடுத்து, முதல் வாரம் முழுவதும் ஆண்டு முழுதும் அங்கேயே வாழும் உயிர்களை மட்டும் அறிந்துகொள்ளுதல் நன்று. மைனா, கரிச்சான், செம்போத்து, வெண்மார்பு மீன்கொத்தி, நீரில் மூழ்கி மூழ்கி எழும் முக்குளிப்பான் ஆகியவற்றை நிறத்தால் அன்றி, உட்காரும் விதம், வாலின் அசைவு, பறக்கும் போக்கு ஆகியவற்றால் அடையாளம் காணப் பழகிவிட்டால், அந்தக் கூட்டத்தில் புதிதாகக் கலந்திருக்கும் விருந்தாளி தானாகவே கண்ணில் படும். தொலைநோக்கி கட்டாயமன்று, வாங்க விரும்புவோருக்கு 8×42 என்று குறிக்கப்படும் வகை ஏற்றது. அதில் முதல் எண் உருப்பெருக்கத்தையும், இரண்டாம் எண் முன்புற வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கும்.

விருந்தாளிகளைத் தேடும்போது கண்ணுக்கு முன் காதே உதவும். முள்வேலியின் உச்சியில் அமர்ந்து கரகரப்பாகக் கத்துவது பழுப்புக் கீச்சானாக இருக்கலாம்; குளிர்காலம் முழுவதும் ஒரு சிறு எல்லையைத் தனதாக்கிக் காப்பது இதன் இயல்பு என்பதால், இன்று கண்ட புதரிலேயே நாளையும் தேட வேண்டும். புதருக்குள் கல்லைத் தட்டுவதுபோல் ‘சக், சக்’ என்று ஒலி மட்டும் வந்து உருவம் தெரியாவிட்டால், அது பெரும்பாலும் பிளித் நாணல் கதிர்க்குருவி. மேயும் மாடுகளின் காலடியில் ஓடியோடிப் பூச்சி பிடிப்பது மஞ்சள் வாலாட்டி. இவை அனைத்தினும் தேடத் தக்கது ஆறுமணிக்குருவி எனப்படும் தோட்டக்கள்ளன்: விடியலிலும் அந்தியிலும் ஏறக்குறைய ஆறு மணிக்கு ஈரசைச் சீழ்க்கை ஒலிப்பதால் முதற்பெயர் அமைந்தது. பல வண்ணம் கொண்டிருந்தும் மரநிழலில் உதிர்ந்த இலைகளைக் கிளறித் தரையிலேயே திரிவதால், ஒலி வந்த திசையில் அசையாது நின்று நிலத்தை நோக்குபவருக்கே அது தென்படும். நடையின் நடுவே பத்து நிமிடம் நிற்கப் பழகாதவர் இதைக் காண்பது அரிது.

பறவைகளோடு நின்றுவிடுவது இப்பொழுதுபோக்கின் பொதுக்குறை. வெயில் ஏறுமுன் புல்லையும் வேலியையும் பார்த்தால், மற்ற வேளைகளில் புலப்படாத சிலந்தி வலைகள் பனித்துளி கோத்து வெளிப்படும். நடுவே எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கற்குறிபோல் அமர்ந்திருக்கும் சிலந்தியையும் சிலவற்றில் காணலாம். பாசனத்தால் நீர் வடியும் ஓரத்து ஈரச்சேறு மற்றொரு ஏடு: நான்கு விரலும் நகக்குறியும் பதிந்தால் நாய், நகக்குறி இல்லையேல் பூனை, ஐந்து விரலும் நகமும் தெரியும் சிறு தடம் கீரி, இருபுறத் தடங்களுக்கிடையே வால் இழுத்த கோடு ஓடினால் உடும்பு. ஊருக்குத் திரும்பும் வழியில் வாசற்கோலங்களும் கவனிக்கத் தக்கவை. அரிசிமாக் கோலத்தில் எறும்பு மொய்க்கும், அணில் வரும், கல்மாவுக் கோலத்திலோ எதுவும் அண்டாது.

இறுதியாக, கண்டவற்றை அன்றன்றே நாள், நேரம், இடம், எண்ணிக்கை, செயல் ஆகியவற்றுடன் குறித்துவைக்க வேண்டும். பெயர் தெரியாவிடில் ஊகித்து எழுதாமல் உருவத்தை வரைந்துவைப்பதே நேர்மை. 1950 முதல் 1996-இல் மறையும் வரை ‘தி ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கைப் பத்தி எழுதிய மா. கிருஷ்ணன் காகம், அணில் போன்ற அன்றாட உயிர்களையும் விடாது நோக்கியவர் என்பது இங்கு நினைக்கத் தக்கது. பொங்கல் நாள்களில் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் கண்டவற்றை ‘இபேர்டு’ தளத்தில் பதிந்து எவரும் பங்கேற்கலாம். தேடியும் காணாதவற்றைக் குறிப்பேட்டில் ‘இல்லை’ என்று எழுதுவது பலர் தவறவிடும் பழக்கம். பங்குனிக்குப் பின் கீச்சான் எந்த நாளில் புறப்பட்டது என்பதை, அது அமர்ந்திருந்த வேலியின் எதிரே தொடர்ந்து எழுதப்பட்ட அந்த ‘இல்லை’களிலிருந்தே கணிக்க முடியும்.