மலைக்கு ஒரு நாள்: பார்த்துவிட்டு வருவதா, படித்துவிட்டு வருவதா?



"கண்டுணர் பயணம்" என்று கூட்டத்தில் சொன்னதுமே ஒரே கலகலப்புதான். புளியோதரை யார் கட்டுவது, ஜன்னல் சீட் யாருக்கு என்று பேச்சு ஓடும். சந்தோஷமாகப் போவதில் தப்பில்லை. ஆனால் பஸ் வாடகை நம் சேமிப்புப் பணம். அன்றைக்கு உப்பளத்திலும் மீன் காயப்போடும் களத்திலும் கூலியை விட்டுவிட்டுத்தான் வருகிறோம். அதனால் வெறும் போட்டோவோடு திரும்பக் கூடாது. இந்த மாதப் பாடம் இதுதான்.

கடற்கரைக்காரிக்கு மலையில் என்ன வேலை?

"எங்களுக்கு வாழையும் காப்பியும் எதுக்குக்கா?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. மலையில் பயிர் வேறு, கடலில் பிழைப்பு வேறு. ஆனால் "இது கைவிட்டால் அடுத்து என்ன?" என்ற கவலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

திண்டுக்கல் பக்கம் இருக்கிற சிறுமலையை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடியிலிருந்து திண்டுக்கல் 200 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து மலைக்கு சுமார் 25 கிலோமீட்டர், 18 கொண்டை ஊசி வளைவு. விடியற்காலை 3 மணிக்குப் புறப்பட்டால்தான் ஒரே நாளில் திரும்ப முடியும்.

அங்கே என்ன பார்க்க வேண்டும்?

முதலில் தோட்டம். நம் ஏரல், ஆத்தூர் வாழை ஆற்றுத் தண்ணீரில் வளருது. மலைவாழை பெரும்பாலும் மழையை நம்பித்தான் நிற்கிறது. அதே நிலத்தில் காப்பி, நிழல் மரத்தில் ஏறிய மிளகு, எலுமிச்சை, பலா எல்லாம் இருக்கும். ஒன்றின் அறுவடை முடியும்போது இன்னொன்று வரும்.

அடுத்து பழம். மலைவாழைப்பழம் சின்னது, தண்ணீர்ச் சத்து குறைவு. தோல் சுருங்கினாலும் உள்ளே சீக்கிரம் கெடாது. பழனி பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சி மலைவாழைப்பழத்தைச் சேர்ப்பது இதனால்தான். விளைந்ததைச் சாலைக்குக் கொண்டுவர இன்றும் குதிரை சுமக்கும் தோட்டங்கள் உண்டு. அந்தச் சுமைகூலியும் பழத்தின் விலையில்தான் சேரும். இதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான கேள்வி

நல்லா விளைஞ்ச தோட்டத்தைப் பார்த்து "ஆகா!" என்று சொல்லிவிட்டு வந்தால் பாடம் பாதிதான். "அண்ணாச்சி, உங்களுக்கு ரொம்ப மோசமான வருசம் எது? எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேளுங்கள்.

சிறுமலைக்கும் கீழ்ப்பழனி மலைக்கும் அப்படி ஒரு காலம் வந்தது. முடிக்கொத்து நோய் தாக்கி மலைவாழையில் பெரும்பகுதி அழிந்தது. இந்த நோய் வந்தால் இலை குறுகி, உச்சியில் கொத்தாக நிற்கும், தார் வராது. அசுவினிப் பூச்சி இதைப் பரப்பும். நோய் பிடித்த மரத்தின் கன்றும் பரப்பும். கன்று பார்க்க நல்லாத்தான் இருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் சும்மா கிடைத்ததே என்று நட்டால் நோயையும் சேர்த்தே நட்டதாகும்!

பிறகு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நோய் இல்லாத திசு வளர்ப்புக் கன்றுகளைத் தயாரித்துக் கொடுத்தது. நோய் கண்ட மரத்தைக் கிழங்கோடு அழிக்கச் சொன்னது. ஒருத்தர் மட்டும் அழித்துப் பிரயோசனம் இல்லை, பக்கத்துத் தோட்டக்காரரும் அழிக்க வேண்டும். விவசாயிகள் கூட்டமைப்பாகச் சேர்ந்து விண்ணப்பித்து, 2008-09இல் சிறுமலை, விருப்பாச்சி மலைவாழைகளுக்குப் புவிசார் குறியீடும் வாங்கினார்கள். கூட்டமைப்பு என்றால் கடன் வாங்க மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் கதையும் அதுதான்

நம் ஊருக்கு முத்துநகர் என்று பெயர். ஆனால் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். பாரில் சிப்பி அற்றுப்போனது, அந்தத் தொழிலும் போனது. இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. மீன் வரத்து குறைந்தால் கருவாடு போடுகிற அக்காமாருக்கும் வேலை குறையும். மழைக்காலத்தில் உப்பளம் ஓடாது. மலையில் ஒரே நிலத்தில் நாலு பயிர் வைக்கிறார்கள். நம் வீட்டில் வருமானத்துக்கு எத்தனை வழி இருக்கு?

போவதற்கு முன்னால்

* திண்டுக்கல் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேட்டு, கூட வந்து விளக்கம் சொல்ல ஒரு விவசாயியை ஏற்பாடு செய்யுங்கள். அவருடைய ஒரு நாள் வேலைக்கு உரிய தொகையைச் செலவுக் கணக்கில் சேருங்கள்.
* செலவைத் தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.
* குழுவுக்கு இரண்டு பேர் போதும். எப்போதும் ஊக்குநரும் பிரதிநிதியுமே போகாமல், பேசத் தயங்குகிற ஒருவரை அனுப்புங்கள்.
* ஆளுக்கு ஒரு கேள்வி. எழுதத் தெரியாதவர் மனதில் வைத்துக்கொள்ளட்டும், பக்கத்தில் இருப்பவர் பதிலை எழுதட்டும்.
* ஆசைக்காகக் கூட அங்கிருந்து வாழைக்கன்று எடுத்து வராதீர்கள். காரணம் மேலே படித்தீர்கள்!

வந்த பிறகு

அடுத்த கூட்டத்திலேயே, வராத உறுப்பினர்களுக்குப் போனவர்கள் சொல்ல வேண்டும். பிறகு இந்த மூன்றையும் பேசிப் பாருங்கள்:

1. நம் தொழில் முடங்குகிற மாதங்கள் எவை?
2. அந்த மாதங்களுக்கு நம் உள்கடன் எதற்குப் போகிறது? வீட்டுச் செலவுக்கா, வேறு தொழில் தொடங்கவா?
3. கெட்டுப்போகாமல் வைத்து விற்க நம்மிடம் என்ன சரக்கு இருக்கு?

மூன்றாவது கேள்விக்கு உங்கள் குழுவின் பதிலைக் கூட்டமைப்புக்கு எழுதி அனுப்புங்கள்.